ஏலத்தில் நிற்கும் மலை

மெற்றில்டா அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கிய மறுநாள் விடியற்காலையில், முற்றம் பெருக்கத் துடைப்பத்தோடு வெளியே வந்தபோது, வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கருமணல் குவிந்து கிடந்தது. வீடு கட்டுகிற எவனோ இடம் தெரியாமல் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்து, அவனுடைய அப்பனையும் பாட்டனையும் சேர்த்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு, மீன் எடுக்கக் கரைக்குப் போய்விட்டாள். மத்தியானம் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தால் மணல் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதே நேரம் மஸ்கட்டில் நர்சு வேலை பார்க்கும் மகள் டெல்பின் போனில் கூப்பிட்டு, "அம்மா, உனக்க பங்கு இன்னைக்கு நல்லா ஏறியிருக்கு, பாத்தியா?" என்று கேட்டாள். மெற்றில்டா மணலைப் பார்த்தபடியே, "பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன் மக்கா" என்றாள்.

குருசுத்துறையில் மெற்றில்டாவைத் தெரியாதவர்கள் இல்லை. கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து, வடக்கே ரப்பர் தோட்டங்கள் தொடங்குகிற ஊர்வரை வீடு வீடாக விற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தாலும் அவள் கூடையிலிருந்து நாலு சாளை அங்கே போய்விடும். கணவன் லாசர் கடலில் சாகவில்லை, மஞ்சள்காமாலையில்தான் போனான். கடல் அவளிடமிருந்து எடுத்தது வீட்டை, அதுவும் இரண்டு முறை. முதல் வீடு போனபோது அழுதாள். இரண்டாவது வீடு போனபோது அழாமல், இடிந்த சுவரில் உட்கார்ந்து, மூன்றாவது வீடு கட்டினால் கடல் சத்தமே காதில் விழாத இடத்தில்தான் கட்டுவேன் என்று அந்தோனியார் மேல் ஆணையிட்டாள். தற்காலிகமாகப் பழைய இடத்திலேயே ஓடு போட்டு ஒரு குடிலை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

இடமும் பார்த்து வைத்திருந்தாள். மீன் விற்கப் போகிற வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி நாலு சென்ட். ஒரு நாள் கூடையை ஓரமாக வைத்துவிட்டு அந்த மண்ணில் கால் நீட்டிப் படுத்துப் பார்த்தாள். இலை விழுகிற சத்தம் கேட்டது, தூரத்தில் ஒரு ஆடு கத்தியது, கடல் கேட்கவில்லை, அப்படியே தூங்கிப்போனாள், கூடையில் மிச்சமிருந்த அயிலையைப் பூனை தின்றுவிட்டுப் போனதுகூடத் தெரியவில்லை. அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தாள். மீதிப் பணத்துக்குத்தான் வழி இல்லை. அரசாங்கம் கொடுத்த நிவாரணமும் சீட்டுப் பணமும் சேர்ந்தால் பாதி தேறும். மீதிப் பாதியை இந்தப் பாதியே குட்டி போட்டுத் தர வேண்டும் என்று அவள் முடிவு செய்தபோதுதான் பங்குச் சந்தை என்ற பேச்சே வந்தது.

எந்தப் பங்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. குருசுத்துறைக் கரையில் கிடக்கும் கருமணலில் ஏதோ அரிய மண் இருக்கிறதென்றும், அதிலிருந்து எடுக்கிற பொருளில்லாமல் காற்றாலையும் ஓடாது, கரண்டு காரும் ஓடாது, கையிலிருக்கிற போனும் பேசாது என்றும் அவள் கேள்விப்பட்டிருந்தாள். பல வருஷத்துக்கு முன் அதை அள்ள லாரிகள் வந்தபோது ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. முன்வரிசையில் மீன் கூடையோடு உட்கார்ந்து, போலீஸ்காரர் கையிலிருந்த கம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றவள் மெற்றில்டா. லாரிகள் திரும்பிப் போயின. அவள்தான் இப்போது, எங்கோ ஒரு தூரதேசத்துப் பாலைவனத்தில் அதே மண்ணைத் தோண்டுகிற, வாயில் நுழையாத பெயருள்ள கம்பெனியின் பங்கை வாங்கச் சொன்னாள்.

"அன்னைக்கு மண்ணு அள்ளாதேன்னு ரோட்டுல இருந்த நீயாம்மா இதைச் சொல்லுக?" என்றாள் டெல்பின்.

"அது நமக்க கரை. இது பாலைவனமாம், ஆளே கிடையாதாம்."

"கம்பெனிக்காரன் அப்படித்தான் சொல்லுவான்."

"சொன்னா சொல்லிட்டுப் போறான். எப்பவும் மண்ணு போற பக்கமே நின்னு பாத்தாச்சு. ஒரு தடவை மண்ணு வாற பக்கம் நின்னு பாக்கேன்."

"ஏறினா தென்னை உயரம் ஏறும், இறங்கினா கிணத்துக்குள்ள போயிரும். பயமில்லியா உனக்கு?"

"காலையில தங்கம், சாயங்காலம் கருவாடு. வாழ்நாள் பூரா அந்த ஏவாரம் பண்ணுகேன். அந்தப் பயம் எனக்குப் பழக்கமாக்கும்."

அந்தத் தேசத்துச் சந்தை, குருசுத்துறையில் வள்ளங்கள் கரையேறுகிற விடியற்காலத்தில் திறந்து மத்தியானச் சோற்றுக்கு முன்னால் மூடிவிடும். ஆகவே ஊர் கண்விழிக்கிற நேரத்தில்தான் மணல் ஏறவும் இறங்கவும் செய்தது. எங்கோ ஒரு மந்திரி இனி இந்த மண்ணை வெளிநாட்டுக்கு விற்கமாட்டோம் என்று சொன்னால் அது கூரை ஓட்டு உயரத்துக்கு எழும்பும்; வேறொரு மந்திரி எங்களிடமும் இருக்கிறது, வேண்டுமட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் சாணிக்குவியல் அளவுக்குச் சுருங்கும்; மறுநாள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள் என்றோ முறைத்துக்கொண்டார்கள் என்றோ சேதி வந்தால், அதற்குத் தக்கபடி கோயில் கோபுரத்தில் பாதியைத் தொடும் அல்லது தரையோடு தரையாகப் படுக்கும். ஆனால் ஏறிய நாட்கள் இறங்கிய நாட்களைவிடக் கூடுதலாக இருந்தன. மழைக்காலம் முடிந்து கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற நேரத்தில், மெற்றில்டா வீட்டு முன்னால் மட்டுமல்ல, கடற்கரை வரிசை முழுவதற்கும் முன்னால் ஒரு கருமலை நீண்டு படுத்திருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மீன்பாடு வருவதையும் போவதையும் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். முதலில் நெத்திலி காயப்போட்டார்கள். அந்த மணல் விடியற்காலையிலேயே சூடாக இருந்தது, ஏனென்றால் அதன் சூரியன் வேறு தேசத்தில் ஏற்கெனவே ஏறியிருந்தது; ஆகவே மூட்டுவலிக்காரர்கள் முதல் பூசைக்கு முன்னால் வந்து, முழங்கால்வரை மணலில் புதைத்துக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். அங்கே பொழுது சாய்வதால் வெயில் கொளுத்துகிற நம் மூன்று மணிக்கு மணல் சில்லென்று ஆகிவிடும், அப்போது பிள்ளை பெற்ற பெண்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கால்பந்து விளையாடுகிற பையன்கள் மலையில் ஏறி இறங்கித் தொடை பழக்கினார்கள், அந்த வருஷம் சுற்றுவட்டாரக் கோப்பை குருசுத்துறைக்கு வந்தது. மலை புறம்போக்கில் இருப்பதாக யாரோ மனுப் போட, விசாரிக்க வேண்டிய அதிகாரியோ விலை விழுந்த நாளாகப் பார்த்து வந்தார்; காலடியில் கிடந்ததை வெகுநேரம் பார்த்துவிட்டு, 'வீடு பூச வைத்திருக்கும் மணல்' என்று எழுதிக்கொண்டு, ஒரு கிலோ காய்ந்த நெத்திலியோடு போய்ச் சேர்ந்தார்.

தவசு காலத்து வெள்ளிக்கிழமைக் காலையில் ஃபாதர் ஸ்டாலின் சிலுவைப் பாதையை மலைமேல் வைத்தார். கல்வாரிக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் நான்காம் ஸ்தலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது பங்கு சரியத் தொடங்கி, சிலுவை சுமந்தவர்கள் ஏற ஏற மலை இறங்க இறங்க, பன்னிரண்டாம் ஸ்தலத்தில் எல்லாரும் சமதரையில் நின்றார்கள். அடுத்து வந்த பெரிய வெள்ளியன்று உலகத்துச் சந்தைகளில் பாதிக்கு விடுமுறை. அன்று மலை ஒரு மணல்கூட அசையாமல் நின்றது. "அதுவும் ஒருசந்தி நோன்பு இருக்குது போல" என்று கிழவர்கள் மரியாதையோடு சொல்லிக்கொண்டார்கள்.

சில விடியல்களில் மலைமேல் ஆட்டுக்குளம்புத் தடங்கள் இருந்தன. ஊரில் அத்தனை ஆடு இல்லை. தடங்களுக்குப் பின்னால் செருப்பில்லாத சின்னக் கால் ஒன்றின் தடமும் போய்க்கொண்டிருந்தது. மெற்றில்டா அதை முதல் தடவை பார்த்த அன்று கூடையைத் தலையில் வைத்தபடி நெடுநேரம் அங்கேயே நின்றாள். ஆளே இல்லாத பாலைவனம் என்று சொன்னார்களே என்று அவளுக்குள் ஒரு முள் குத்தியது. பிறகு மீன் கெட்டுப்போகும் என்று நடக்கத் தொடங்கிவிட்டாள்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் டெல்பின் கூப்பிட்டு, "அம்மா, போதும், நாளைக்கு வித்திரலாம், நாலு சென்டும் வாங்கி வீடும் கட்டலாம்" என்றாள். அன்று மலையின் உச்சியில் நின்றால் கோயில் மணி கைக்கு எட்டும் போலிருந்தது. மெற்றில்டா சரி என்றாள். அந்த வார்த்தையைச் சொல்ல அவள் எத்தனையோ ராத்திரி கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடந்திருக்கிறாள்.

அன்று மத்தியானமே கள்ளக்கடல் வந்தது. காற்று கிடையாது, மழை கிடையாது, வானம் கழுவிவைத்த தட்டு போல இருக்கும்; கடல் மட்டும் திருடனைப் போல எழும்பி ஊருக்குள் நடந்துவரும், அதனால்தான் அந்தப் பெயர். மெற்றில்டாவின் இரண்டு வீட்டையும் கொண்டுபோனது இதுதான். ஆனால் அன்று அலை வந்து மலையில் முட்டியது, திரும்பிப் போனது, மறுபடி முட்டியது, மறுபடி திரும்பிப் போனது. பக்கத்து ஊர்களில் கட்டில்கள் மிதந்தபோது குருசுத்துறையில் அடுப்புச் சாம்பல்கூட நனையவில்லை.

மறுநாள் அவள் விற்கப்போகிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். விற்றால் மலை போய்விடும் என்பதும் தெரியும். ஆனாலும் ஒருவர்கூட அவள் வாசலுக்கு வந்து விற்காதே என்று சொல்லவில்லை. இந்த ஊரைப் பற்றி வேறு என்ன குறை சொன்னாலும் இந்த ஒன்றுக்காக அதைக் கையெடுத்துக் கும்பிடலாம். இரண்டு வீடு இழந்தவள் மூன்றாவது வீட்டைக் கேட்கிறாள், அதை எப்படி மறிப்பது என்று தங்கள் வேலையைப் பார்த்தார்கள். கடற்கரை வரிசைப் பெண்கள் அன்று சாயங்காலம் அவளுக்குப் போகும் வழிக்கென்று முறுக்கும் கருவாடும் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மெற்றில்டா, திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள், இதைத் தாங்க முடியவில்லை.

"மக்கா, மழை முடியட்டும், பொறவு விப்போம்" என்றாள் போனில்.

"அம்மா, இந்த விலை நிக்காது."

"எனக்குத் தெரியும்."

விலை நிற்கவில்லை. ஆனி பிறந்த பிறகு ஒரு விடியற்காலையில் மலை உச்சியிலிருந்து மணல் சரசரவென்று உள்வாங்கத் தொடங்கியது, மறுநாள் இன்னும், அதற்கு மறுநாள் இன்னும். வரிசை வீடுகளிலிருந்து பார்த்தால் மலைக்கு மேலே முதலில் கடலின் கோடு தெரிந்தது, பிறகு கடல் தெரிந்தது, பிறகு அலை தெரிந்தது. மெற்றில்டா சாப்பிடாமல் கிடந்தாள். எவன் இதைச் செய்தான், அவன் நல்லாயிருப்பானா என்று சபிக்க வாயைத் திறந்த நேரத்தில் டெல்பின் சேதியைப் படித்துச் சொன்னாள்.

"அம்மா, அங்க ஆடு மேய்க்கிற சனங்க சுரங்கத்துக்குப் போற ரோட்டுல வந்து இருந்துட்டினுமாம். ஆடு, பிள்ளை, குட்டி எல்லாத்தோடயும். லாரி ஒண்ணும் போக முடியல்ல. முன்னால ஒரு பொம்பள பால் குடத்தோட இருக்கா. படம் வந்திருக்கு."

"அனுப்பு."

படத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. அந்தப் பெண் முக்காடு போட்டிருந்தாள், வயது மெற்றில்டாவின் வயதுதான் இருக்கும், அவளுடைய ஒரு கை குடத்தின்மேலும் மறு கை ஒரு சீருடைக்காரனின் கம்பின்மேலும் இருந்தது. பக்கத்தில் செருப்பில்லாத ஒரு சின்னப் பிள்ளை நின்றது. மெற்றில்டா போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். திறந்த வாயிலிருந்து சாபம் வரவில்லை. "விட்டிராத, கம்பை விட்டிராத" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய நாலு சென்டும் அந்த வார்த்தையோடு போயிற்று என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கொஞ்ச நாளில் அந்தப் பங்கை வாங்குவாரும் இல்லை, விற்பாரும் இல்லை என்று சந்தையே அதைப் பூட்டி வைத்துவிட்டது. மலை முழங்கால் உயரத்தில் நின்றது. அன்று மத்தியானம், வானம் கழுவிவைத்த தட்டு போல இருந்தது, காற்றில் ஓலைகூட அசையவில்லை, வள்ளத்தடியில் படுத்திருந்த நாய்கள் எழுந்து வடக்கே நடக்கத் தொடங்கின. கள்ளக்கடல் வருகிறது என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. சிலர் சாக்கில் மணல் நிரப்பினார்கள், சிலர் கட்டிலைத் தூக்கி மாடியுள்ள வீட்டில் வைத்தார்கள். முதல் அலை வந்து மலையின் மேலேறி, மெற்றில்டாவின் வாசற்படியை முகர்ந்துவிட்டுப் போனது.

அப்போதுதான் ஏலக்காரர் ததேயுஸ் வந்தார். ததேயுஸுக்கும் மெற்றில்டாவுக்கும் ஆயுசு முழுவதும் சண்டை. அவர் விலையை ஏற்றிவிடுகிறார் என்பாள் இவள், அவள் இறக்கிப் பிழிகிறாள் என்பார் அவர். கல்யாண வீட்டில்கூட ஒரே பந்தியில் உட்காரமாட்டார்கள். அவர் பாட்டுக்கு வேட்டியை மடித்துக் கட்டி, ஏலம் போடுகிற கம்பால் அந்த மணலைச் சுற்றி ஒரு கோடு கிழித்தார்.

"மெற்றில்டா பிள்ளே, இதை ஏலத்துக்குத் தாறியா?"

"எதை அண்ணே? சந்தை பூட்டிக் கிடக்குன்னு மவ சொல்லுகா."

"அது அவனுக்க சந்தை. இது நமக்க சந்தை."

குருசுத்துறைக் கரையில் ஏலத்துக்குச் சில நியமங்கள் உண்டு. கோடு கிழித்த பிறகு உள்ளே கிடப்பது விற்றவனுக்கும் சொந்தமில்லை, வாங்குகிறவனுக்கும் சொந்தமில்லை. மூன்றாம் தரம் சொல்லும்வரை அது ஏலத்தின் கையில் இருக்கிறது, ஏலத்தின் கையில் இருப்பதை அலையும் எடுக்காது என்பது அங்கே பிறந்த எல்லாரும் பாலோடு குடித்த நம்பிக்கை. கேட்ட விலையைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. கொடுக்க முடியாத விலையைக் கேட்கவும் கூடாது. முக்கியமாக, சொந்தக்காரர் குவியலிலிருந்து ஒரு கை எடுத்து ஏலக்காரரின் காலடியில் போட்டுவிட்டால் பிறகு அது தன்னுடையது என்று சொல்ல முடியாது. மீனுக்கு ஏற்பட்ட இந்த நியமத்தைத் தூரதேசத்துக் கம்பெனிப் பங்குக்கும் போடலாம் என்று நினைக்கிற பிசகு, சந்தை என்றால் கரையில் கூவுவதுதான் என்று நம்புகிற இந்தச் சனங்களுக்கு மட்டுமே வரும்.

சந்தை பூட்டிய சேதி சொல்லக் கூப்பிட்ட மகள் இன்னும் போனில்தான் இருந்தாள். "அம்மா, கொடுக்காத. ரோட்டுல இருக்கவங்களை எழுப்பிட்டா சந்தையைத் திறந்திருவான், ரெண்டு மடங்கா ஏறும்னு பேசுகினும். கொஞ்சம் பொறு. உனக்க வீடும்மா அது" என்றாள் டெல்பின்.

"எழுப்ப முடியாது மக்கா. அவளுக்க கை எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, மெற்றில்டா குனிந்து ஒரு கை மணல் அள்ளினாள். அது ரப்பர் தோட்டத்து ஓரத்தில் இலை விழுகிற சத்தம்; பூனை அயிலை தின்ற மத்தியானத் தூக்கம். அதைத் ததேயுஸின் காலடியில் போட்டாள்.

ததேயுஸ் குரலெடுத்தார். அவர் கூவினால் நடுக்கடலில் வலை இழுக்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். கருமணல், ஆடு நடந்த மணல், காலையில் சுடுகிற மணல், மத்தியானம் குளிர்கிற மணல், தோண்டாத மணல், தோண்டவிடாத மணல், கேள், கேள் என்று அவர் கூவ, கடற்கரை வரிசையிலிருந்து ஒரு பெண் தன் தாலிக்கொடிக்கு வைத்திருந்த பணத்தை விலையாகக் கேட்டாள், மணல் ஒரு சாண் ஏறியது. வள்ளக்காரன் ஒருவன் புது இன்ஜினுக்குச் சேர்த்ததைக் கேட்டான், மணல் இடுப்புக்கு வந்தது. ஐஸ் லாரியோடு மீன் எடுக்க வந்த வெளியூர் வியாபாரி, தனக்கு இதில் என்ன என்று யோசிக்காமல் கை தூக்கினான். மூட்டுவலிக்காரர்கள் தங்கள் பென்ஷனைச் சேர்த்துக் கேட்டார்கள். கால்பந்துக்காரர்கள் கோப்பையைக் கேட்டார்கள். ஃபாதர் ஸ்டாலின் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, திருவிழா வாணவேடிக்கைக்கு வைத்திருந்தது முழுவதையும் கேட்டார். ஒவ்வொரு விலைக்கும் மலை ஏறியது, நீண்டது, வரிசை முழுவதற்கும் முன்னால் கை விரித்துக்கொண்டு எழுந்தது. கடல் வந்தது. ததேயுஸ் கிழித்த கோட்டைத் தொட்டது. ஏலம் நடக்கிற இடத்தில் குறுக்கே நடக்கக் கூடாது என்று அதற்கும் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள் போல, கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

கேட்க யாரிடமும் மிச்சமில்லாமல் ஆனபோது ததேயுஸ் கம்பை உயர்த்தினார். "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார். பிறகு கடலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், வாசற்படியில் வெறுங்கையோடு நின்ற மெற்றில்டாவைப் பார்த்தார். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நாளைக்கும் கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அந்த ஏலம் இன்னும் முடியவில்லை. தினமும் விடியற்காலையில் மீன் ஏலத்துக்கு முன்னால் ததேயுஸ் மலையைக் கூவுவார், யாராவது ஒருவர் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பார், ஒரு தரம் ரெண்டு தரம் ஆகும், மூன்றாம் தரம் ஆகாது. முடியாத ஏலத்துக்கு யாரும் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. தூரதேசத்தில் அந்தக் கம்பெனி கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனது, சந்தைப் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்துவிட்டார்கள், மலை ஒரு மணல்கூட இறங்கவில்லை. ஆட்டுத்தடங்கள் இன்னும் வருகின்றன. செருப்பில்லாத அந்தக் கால் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது என்று பெண்கள் சொல்கிறார்கள்.

நாலு சென்ட்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு இடத்தை வேறு ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சேதி வந்த அன்று மெற்றில்டா சீக்கிரமே கதவைச் சாத்திப் படுத்தாள். அழுதுவிட்டுத் தூங்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஏதோ குறைந்தது. புரண்டு படுத்தாள், காதைக் கூர்மையாக்கினாள், எழுந்து உட்கார்ந்தாள். ஓட்டின்மேல் வேப்பிலை ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் யார் வீட்டு ஆடோ கத்தியது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த கடல் கேட்கவே இல்லை.

அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாள், முகத்தில் களை வந்திருக்கிறது, ததேயுஸோடு பழையபடி சண்டை போடுகிறாள். ஒன்று மட்டும் உண்டு. சாயங்காலம் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சில்லிட்ட மணலில் மெல்லக் கால் புதைத்து மலையேறுவாள். உச்சியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடல் சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வருவாள்.